எண்ணூர் ஆற்றில் நாலாவது துளை

முதல் பத்து நாளும் கெங்கம்மாவுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை. அதில் அவள் பேரில் தப்பு இல்லை. நான் ராயபுரத்திலிருந்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனவன். மிதவையின் ஒரு மூலையில் குடையை விரித்துக் கட்டி, அதன் நிழலில் பெட்டிமேல் உட்கார்ந்து எழுதுவது என் உத்தியோகம். முழங்கை வரை சேற்றில் கையை விடுவது அவள் உத்தியோகம். சாயங்காலம் கரையேறும்போது என் சட்டை காலையில் இருந்தபடியே இருக்கும். அதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1932ஆம் வருஷம், பொங்கல் முடிந்த கையோடு அந்த வேலை ஆரம்பமாயிற்று. எண்ணூரில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குச் சற்று மேலே, ஆற்றுக்கு அடியில் மின்சாரக் கம்பியைப் பதித்து அக்கரை உப்பளத்துப் பம்புகளுக்குக் கரண்டு கொண்டுபோவதென்று ஒரு கம்பெனி முடிவு செய்திருந்தது. கம்பம் நட்டு ஆகாயத்தில் கொண்டுபோகலாமே என்றால், அது பாய்மரப் படகு போகிற வழி. புயல் வந்தால் முதல் அடி விழுகிற இடமும் அதுதான். ஆகவே அடியில் பள்ளம் தோண்டித்தான் போட வேண்டும். தோண்டுமுன் அங்கே என்ன மண், எத்தனை அடியில் கெட்டி மண், எங்காவது பாறை குறுக்கிடுகிறதா என்று தெரிந்தாக வேண்டும். அதற்காக இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரே நேர்கோட்டில் ஏழு இடத்தில் துளை போட்டு மண் எடுத்துப் பார்ப்பதாக ஏற்பாடு. அந்த ஏழு துளைக்கும் நான் ரைட்டர். பெயர் ஸ்டானிஸ்லாஸ். இந்தக் கதையில் என் பெயர் இவ்வளவு போதும்.

இரண்டு படகுகளை அருகருகே கட்டி மேலே பலகை பரப்பியதுதான் மிதவை. நடுவில் மூன்று சவுக்குக் கட்டைகளை நிறுத்தி உச்சியில் கப்பி மாட்டியிருந்தது. கனத்த இரும்புக் கட்டை ஒன்றைக் கயிற்றால் இழுத்து இழுத்து விட, ஆற்றுக்குள் நிறுத்திய குழாய் அடி அடியாக மண்ணில் இறங்கும். குழாய்க்குள் சேர்கிற மண்ணை நீண்ட வாளி ஒன்றை இறக்கி மேலே எடுக்க வேண்டும். வாளியிலிருந்து கையால் சுரண்டி, அறை அறையாகத் தடுத்த மரப்பெட்டியில் வைக்க வேண்டும். இத்தனை அடி ஆழத்தில் இந்த மண் என்று அறைக்கு ஒரு சீட்டு. சீட்டு எழுதுகிறவன் நான், சுரண்டுகிறவள் கெங்கம்மா.

அவளை யாரும் தேடிப்போய் வேலைக்கு வைக்கவில்லை. முதல் நாள் வாளி மேலே வந்தபோது நாற்றம் குடலைப் பிடுங்கியது. சுரண்டுவதற்கென்று மேஸ்திரி கூட்டிவந்த ஆள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினான். எங்கள் படகுக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று காலால் துழாவிக் கிளிஞ்சல் எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்தாள்.

"சேத்துக்கு பயப்படறவன் ஆத்துக்கு இன்னாத்துக்கு வந்தான்?" என்றாள். அப்படியே மிதவைமேல் ஏறி, வாளியில் கையை விட்டாள். அவ்வளவுதான் நியமனம்.

அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எண்ணூர்க் குப்பத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, புருஷனைக் கடலுக்குக் கொடுத்து மூன்று வருஷமாகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. அண்ணன் நீலமேகம் கிளிஞ்சல் படகு ஓட்டுகிறவன். ஆற்றில் எடுக்கிற கிளிஞ்சலைக் கால்வாய் வழியே தண்டையார்பேட்டைப் பக்கம் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவது அவன் பிழைப்பு. கெங்கம்மாவும் சின்ன வயதிலிருந்து அந்தப் படகில் கூடை தூக்கினவள். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆண்பிள்ளை அந்தக் குப்பத்தில் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் திருமலை நாட்டார் உட்பட.

எங்கள் மேஸ்திரி வேதமாணிக்கம் எங்கள் பேட்டைக்காரர். துறைமுகத்தில் அஸ்திவாரக் கிணறு இறக்கிக் கை காய்த்தவர், தொழிலில் கெட்டிக்காரர். ஆனால் துரை என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவருக்கு முதுகு தானாக வளையும். சேறும் சகதியுமாக மண்ணைப் பெட்டியில் வைத்து துரையிடம் நீட்டுவது அவருக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. ஆகவே ஒவ்வொரு வாளி மண்ணையும் ஆற்றுத் தண்ணீரில் மூன்று முறை அலசி, பளிச்சென்று ஆன பிறகு பெட்டியில் வைக்கச் சொன்னார். அலசிய பின் மிஞ்சியது பொன்னிறத்தில் மணல். நானும் என் அழகான கையெழுத்தில் 'மணல்', 'மணல்', 'சுத்தமான மணல்' என்று எழுதித் தள்ளினேன். முதல் துளை முடிந்தது, இரண்டாவதும் முடிந்தது.

இரண்டாவது துளையின் கடைசி நாள் கெங்கம்மா என் குடைக்குள் தலையை நீட்டினாள்.

"இன்னா ரைட்டரே எய்திகினு கீற?"

"மணல்" என்றேன்.

"மணலா? என் கைய பாரு." முழங்கை வரை கறுப்புக் கையுறை போட்டதுபோல் இருந்தது. "மணலா இருந்தா ஒதறினா போவும். இது நாலு தபா தேச்சாலும் போவல. களிமண்ண அல்லாம் ஆத்துல கரைச்சு வுட்டுட்டு, மிஞ்சினத பொட்டில வெச்சு பேரு எய்திகினு கீறீங்க. மீன வழிச்சு போட்டுட்டு முள்ள மட்டும் தட்டுல வெச்சு, இதான் மீனுன்னு விப்பியா நீ?"

வேதமாணிக்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "தொர கையில சேறு படலாமா? கலீஜா குடுக்க சொல்றியா?" என்று அதட்டினார்.

"மண்ணு கலீஜுதான் மேஸ்திரி. அது எப்பிடி கீதோ அப்பிடி குடு. கழுவி குடுக்க அது இன்னா கொயந்தையா?"

அன்று மத்தியானம் கம்பெனி இன்ஜினீயர் வால்டர் துரை வந்தார். துரை என்றால் கப்பலில் வந்தவரல்ல. பெரம்பூரில் பிறந்து வளர்ந்த சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர். தமிழ் எங்களைவிடச் சரளமாகப் பேசுவார். பெட்டிகளைத் திறந்து மணலைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்து ஒரு வாளி மேலே வந்தது. கெங்கம்மா அதை அலசவில்லை. நேராகத் தூக்கிவந்து அவருடைய பூட்சுக்கு முன்னால் கவிழ்த்தாள்.

வேதமாணிக்கம் கண்ணை மூடிக்கொண்டு இயேசுவே என்றார். வால்டர் குனிந்து அந்தக் கரிய மண்ணில் ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் வைத்து உருட்டினார். அது திரிபோல் நீண்டுகொண்டே போயிற்று. மறுபடி பெட்டியைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். "இதையெல்லாம் யார் கழுவியது?" என்றார். மிதவையிலிருந்த ஒன்பது பேரும் ஆகாயத்தைப் பார்த்தோம்.

இரண்டு துளையையும் திரும்பப் போட வேண்டியதாயிற்று. பத்து நாள் போயிற்று. அன்று கிளம்புகிறபோது வால்டர் என் பக்கம் திரும்பி, "இனிமேல் அந்தம்மா கையில் வாங்கிப் பார்த்து என்ன சொல்கிறாளோ அதை எழுது. உன் இஷ்டத்துக்கு எழுதாதே" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. மூன்றாவது துளை முடிவதற்குள் அந்த அவமானம் போய்விட்டது. அவளிடம் சேற்றுக்கே ஏழெட்டுப் பெயர் இருந்தது. வெண்ணெய்க் களி வேறு, ஒட்டுக் களி வேறு. நண்டு குடைகிற மணல் வேறு, குடையாத மணல் வேறு. விரலால் நசுக்கிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், சில சமயம் நுனிநாக்கில் வைத்துத் துப்புவாள். "இதுல கழி நட்டா நிக்கும்" என்பாள், அல்லது "இதுல யான கால் வெச்சாலும் காணாம பூடும்" என்பாள். அதைத் துரைமார் படிக்கிற பாஷையில் திருப்பி எழுதுவது மட்டும்தான் என் வேலை. நான் எழுதியதில் வால்டர் ஒரு வரியைக்கூட அடிக்கவில்லை. அதுவரை என் உத்தியோகத்தில் எனக்கு அப்படி நடந்ததே இல்லை.

நாலாவது துளை நடு ஆற்றில் வந்தது.

ஒன்பது அடி தண்ணீர். அதற்குக் கீழே மூன்று அடி சேறு. குழாய் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. அப்புறம் கணீர் என்று ஒரு சத்தம். இரும்புக் கட்டை விழுந்த வேகத்தில் குழாய் எகிறியது. மறுபடி அடித்தார்கள், மறுபடி எகிறியது. இரண்டு நாள் அடித்தும் அரை அடி இறங்கவில்லை. மூன்றாம் நாள் குழாயைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் வாய் முறுக்குபோல் சுருண்டிருந்தது. வாளியில் வந்ததோ சாம்பல் நிறத்தில் நாலைந்து சில்லுகள்.

வால்டர் சில்லைப் புரட்டிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. "பாறை" என்றார். "இந்த வழி சரிப்படாது. துளைக் கோட்டை ஆற்றில் மேலே கால் மைல் தள்ளிப் போட வேண்டியதுதான். ஏற்கெனவே பத்து நாள் தண்டம். இங்கே இனி மினக்கெட முடியாது. சனிக்கிழமை மிதவையைக் கிளப்புங்கள்."

 நான் எழுதக் காத்திருந்தேன். கெங்கம்மா சில்லுகளைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டே இருந்தாள். வாய் ஓயாதவள் அன்று காலை முழுக்க வாயைத் திறக்கவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. மத்தியானம் கஞ்சி குடிக்கக் கரையேறியபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டேன்.

"மேல கால் மைலுன்னா எந்த எடம்னு தெரியுமா ரைட்டரே?" என்றாள்.

தெரியாது என்றேன். அவள் சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கால் மைல் தள்ளிய இடத்தில்தான் குப்பத்தாரின் பாடு இருந்தது. ஆற்றில் கழி நட்டு வலை கட்டுகிற இடங்களை அவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் பஞ்சாயத்தார் ஓலைச் சீட்டு எடுத்து, எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று பெயர் வாசிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்பிள்ளை இருக்கிற வீட்டுக்குத்தான் பாடு உண்டு. கடல் கொந்தளிக்கிற மாதங்களில் நாற்பது குடும்பத்துக்கு அந்த ஆற்று இறால்தான் சோறு. மின்சாரக் கம்பி அங்கே போனால் மேலே ஒருவனும் கழி நடக் கூடாது. கம்பி போகிற இடத்தில் கூரான கட்டையை அடிக்க யார் விடுவார்கள்?

"உனக்குத்தான் பாடே இல்லையே" என்றேன். என் வாயில் வந்தது அதுதான். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"எனக்கு இல்லன்னா? அந்த நாப்பது வூட்டுலயும் நான் துன்னுகீறேன்" என்றாள். அப்புறம் சில்லை என் கையில் வைத்தாள். "இது பாற இல்ல. காளவாய் கட்டி."

காளவாயில் கிளிஞ்சலைச் சுடும்போது அடியில் மண்ணும் சுண்ணாம்பும் உருகிக் கட்டி கட்டியாக மிஞ்சும். காளவாய்க்காரனுக்கு அது குப்பை. கிளிஞ்சலை இறக்கிவிட்டுத் திரும்புகிற காலிப் படகு காற்றில் ஆடும். அதற்குக் கனம் வேண்டும். படகுக்காரர்கள் அந்தக் கட்டிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு வருவார்கள். ஆறு வந்ததும் கொட்டிவிட்டுக் கிளிஞ்சல் ஏற்றுவார்கள். கண்ட இடத்தில் கொட்டினால் குப்பத்தாரின் வலை கிழியும். ஆகவே படகுக்காரரும் வலைக்காரரும் எந்தக் காலத்திலோ கூடிப் பேசி, கொட்டுவதானால் இந்த ஒரே இடத்தில்தான், அதை யாரும் காட்டிக்கொடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று தலைமுறையாக ஒரு கூடை பிசகவில்லை. தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு அத்தனையையும் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொண்டது. வெள்ளத்துக்கு வெள்ளம் சேறு வந்து மேலே மூடிவிட்டது. எங்கள் நாலாவது துளை நேராக அதன் தலையில் போய் இடித்திருக்கிறது.

"இதைத் துரையிடம் சொல்லிவிட்டால் முடிந்ததே" என்றேன்.

"சொன்னா எங்கண்ணன் படவு பூடும்."

ஆற்றிலும் கால்வாயிலும் எதையும் கொட்டக் கூடாது என்று சட்டம். கொட்டினது தெரிந்தால் படகின் லைசென்சைப் பிடுங்கிவிடுவார்கள். நீலமேகத்துக்கு மூன்று பெண்பிள்ளைகள். அவன் ஒருவன் மட்டுமல்ல, பதினேழு படகு. அதனால்தான் விஷயம் தெரிந்த அத்தனை பேரும் கரையில் நின்று வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாட்டாரும்கூட. வாக்கு என்றால் இரண்டு பக்கமும் வாக்குத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் வால்டர் வந்து கோட்டை மாற்றுவதற்கான படத்தை என் பெட்டியின்மேல் விரித்தார். கெங்கம்மா வந்து எதிரில் நின்றாள்.

"தொர, அது பாற இல்ல. மேடு. இருவது தப்படி வட்டம். அதுக்கு அந்தாண்ட நல்ல மண்ணுதான் கீது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கொட்னது எனக்கு தெரியாதா?"

வால்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன கொட்டினாய்?"

"காளவாய் கட்டி. கூட கூடயா கொட்னேன்."

"மூன்றடி சேற்றுக்குக் கீழே இருக்கிறது. அத்தனையும் நீ ஒருத்தியே கொட்டினாயா?"

"ஆமா."

"எத்தனை வருஷமாக?"

"இடுப்புல கூடய வெக்க தெரிஞ்ச நாள்ல இருந்து."

"எந்தப் படகிலிருந்து?"

"படவு இன்னா படவு? கூட என்து, கை என்து. கொட்னது நானு."

கயிறு பிடித்தவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். மிதவையை ஒட்டித் தன் படகில் நின்றிருந்த நீலமேகம் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான்.

"இதைக் கால்வாய் அதிகாரிக்கு நான் எழுதியாக வேண்டும், தெரியுமா?" என்றார் வால்டர்.

"எய்து தொர. என் பேர வுட்டுடாத. வேற பேர சேத்துடாத."

வால்டர் முகவாயைத் தடவிக்கொண்டார். அவர் மக்கு இல்லை, பாதி விளங்கியிருக்கும். "உன் வாய் வார்த்தையை நம்பி நான் குழாயை இறக்க முடியாது" என்றார்.

"என் வார்த்தைய யாரு நம்ப சொன்னாங்க? இரு காட்டறேன்."

குப்பத்திலிருந்து ஒரு கட்டுமரத்தை இழுத்து வந்தாள். அதில் வலை கட்டுகிற நீளக் கழி ஒன்று, ஒரு கூடை வலை மிதப்புக் கட்டைகள், கயிறு, கட்டித் தொங்கவிடக் கல். தனி ஒருத்தியாகத் தள்ளிக்கொண்டு நடு ஆற்றுக்குப் போனாள். நீர் வற்றுகிற நேரம். கழியை இறக்கிக் குத்தினாள். டொக் என்றது எங்களுக்கே கேட்டது. ஒரு தப்படி நகர்ந்து குத்தினாள், டொக். இன்னொன்று, டொக். அப்புறம் ஓரிடத்தில் குத்தியபோது சத்தமே இல்லை. கழி அவள் கை பிடித்த இடம்வரை உள்ளே போயிற்று. அங்கே கல்லைக் கட்டி ஒரு மிதப்பைப் போட்டாள். வேறு பக்கம் போனாள். டொக், டொக், சத்தமில்லை, ஒரு மிதப்பு.

வெயில் உச்சிக்கு வந்தது. அவள் நிறுத்தவில்லை. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, கழியைத் தூக்குவதும் குத்துவதுமாக இருந்தாள். கடைசி மிதப்பையும் போட்டுவிட்டு அவள் விலகியபோது ஆற்றின்மேல் ஒரு வட்டம் தெரிந்தது. கோலப்புள்ளி வைத்ததுபோல் வட்டமான வட்டம். நாலாவது துளை போட்ட எங்கள் மிதவை அதற்கு நட்டநடுவில் நின்றது.

நான் மனிதனை எடைபோடுவதில் பெரிய ஆள் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தவன். அந்த வட்டத்தைப் பார்த்தபோது அந்த நினைப்பு போயிற்று. அவளோடு ஒரே பலகையில் வேலை செய்கிறேன் என்று பெருமையாக இருந்தது. வேதமாணிக்கம் தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாறை இப்படி வட்டமாக வளராது" என்று வால்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு மேஸ்திரியிடம், "எழுபது அடி தெற்கே தள்ளிக் குழாயை இறக்கு. நாலு நாள் தருகிறேன். அங்கேயும் இடித்தால் கோடு மாறும். இந்தம்மா கொடுத்த வாக்குமூலம் மட்டும் மாறாது" என்றார்.

அந்த நாலு நாளும் குப்பத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். முதல் நாள் சேறு. இரண்டாம் நாள் வெண்ணெய்க் களி. மூன்றாம் நாள் இருபத்திரண்டாவது அடியில் குழாய் கறகறவென்று நின்றது. என் பேனா கையிலேயே நின்றுவிட்டது. கரையில் பெண்கள் எழுந்து நின்றார்கள். நாட்டார் தோள் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

கெங்கம்மா குழாயின்மேல் உள்ளங்கையை வைத்து, "இன்னும் ஒரு தபா அடி" என்றாள். அடித்தார்கள். கையை எடுக்கவில்லை. "இது கட்டி இல்ல. ஆளி சிப்பி ஓடு. ஆத்தோட சொந்த சரக்கு. ஒரு முழம்தான் இருக்கும், அடி."

முக்கால் மணி நேரத்தில் குழாய் அதைத் தாண்டியது. நாலாம் நாள் முப்பத்தோராவது அடியில், நீலம் பாய்ந்த கெட்டிக் களிமண் வாளி நிறைய வந்தது. வால்டர் விரும்பியது அந்த மண்ணைத்தான். அவள் ஒரு பிடி எடுத்துப் பிசைந்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எய்திக்க ரைட்டரே. இதுல கழி நட்டா உன் பேரப்பிள்ள காலத்துக்கும் நிக்கும்."

வேதமாணிக்கம் ஒரு குடம் நல்ல தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வந்தார். யாரையும் விடாமல் தானே ஊற்றினார். "கைய காட்டு கெங்கம்மா. இப்ப கழுவலாம்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

நாலாவது துளைக்கான தாளில் வால்டர் சொன்னபடி எழுதினேன்: மனிதர் கொட்டிய மேடு, இருபது தப்படி வட்டம், எல்லையைக் கண்டு குறித்தவர் எண்ணூர்க் குப்பம் கெங்கம்மா. துளைத் தாளில் கூலியாட்களின் பெயர் எழுதுகிற வழக்கம் கிடையாது. அன்று முதல் தடவையாக எழுதினேன். அதை அடித்துவிடு என்று யாரும் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துக் கால்வாய் அதிகாரி விசாரிக்க வந்தார். அவரும் கெட்டவரல்ல, சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய்தார். கெங்கம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில் சொன்னாள். கொட்டினது நான். கைநாட்டு வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷத்துக்கு எந்தக் கிளிஞ்சல் படகிலும் அவள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. கூடையோடு பிறந்தவளுக்கு அது சின்னத் தண்டனை அல்ல.

நீலமேகம் அன்றைக்கு எங்கள் முன்னாலேயே அழுதான். "நான் போயி சொல்லிடறேன் கெங்கா. மனசு ஆறல" என்றான்.

"நீ வாய மூடுண்ணா. உனக்கு மூணு பொண்ணு கீது. எனக்கு ரெண்டு கை கீது. இதுல அழ இன்னா கீது?" என்றாள்.

மிச்சத் துளைகளையும் முடித்தோம். கம்பி முதலில் போட்ட கோட்டிலேயே, மேட்டைச் சற்று ஒதுங்கி, மறுவருஷம் ஆற்றுக்கு அடியில் போயிற்று. அக்கரையில் பம்பு ஓடியது. திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டவர்களில் ஆற்றில் கால் நனைத்தவர் ஒருவரும் இல்லை. எனக்கு வயிறெரிந்தது. கெங்கம்மாவோ அந்தப் பக்கமே வரவில்லை. குப்பத்தில் ஒருவருடைய வலையைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் பாடு பிரிக்க ஓலை எடுக்கிற நாளுக்கு நாட்டார் எனக்கும் வேதமாணிக்கத்துக்கும் ஆள் அனுப்பியிருந்தார். கங்கையம்மன் கோயில் வாசலில் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் எட்ட நின்றார்கள். திருமலை நாட்டார் பானையிலிருந்து ஓலை நறுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தார். நாற்பது வீட்டுக்கும் நாள் விழுந்தது. எல்லோரும் எழுந்திருக்கப் போனார்கள்.

"குந்துங்க. இன்னும் ஒண்ணு கீது" என்றார் நாட்டார். கடைசி ஓலையை எடுத்துப் பிடித்துக்கொண்டு, "கெங்கம்மா" என்று வாசித்தார்.

 பின்னாலிருந்து மாரியப்பன் என்கிற கிழவர் மட்டும், "ஆம்பள இல்லாத வூட்டுக்கு பாடு கெடையாதே நாட்டாரே. வழக்கம்னு ஒண்ணு கீது" என்றார்.

"கீது. நம்ம வழக்கத்த காப்பாத்தினது யாரு? அன்னிக்கு நாப்பது ஆம்பள கரையில நின்னோம். வாய தொறந்தோமா?" என்றார் நாட்டார். "நானுந்தான் நின்னேன். அவ பேரு ஓலைல இல்லன்னா என் பேரும் வாணாம்."

 எல்லோரும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள். அவள் இப்போது என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். உங்கள் அன்பு போதும், எனக்கெதற்குப் பாடு என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வாள். அதைக் கேட்டு உருகுவதற்கு நான் தயாராகவே உட்கார்ந்திருந்தேன். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தால் அவர்களும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கெங்கம்மா நேராக நடந்து வந்தாள். ஆண்கள் வரிசைக்கு நடுவில் நின்று நாட்டார் கையிலிருந்த ஓலையை வாங்கினாள்.

"எந்த நாளு?"

"செவ்வாக்கெயம" என்றார் நாட்டார்.

"நாளான்னிக்கு. அதுக்குள்ள கழி வெட்டணும்." ஓலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். "யாரு கோடாலி எடுத்தாறீங்க?"

முதலில் நீலமேகம் எழுந்தான். அவனுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் எழுந்தார்கள். மாரியப்பனும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எனக்குக் கோடாலி பிடிக்கவே தெரியாது. இருந்தும் நானும் எழுந்து நின்றேன்.